கிரேஸ் அளந்த கிழக்குப் பாதி

மேட்டுக்கண்டிகையில் கிரேஸைத் தெரியாதவர்கள் கிடையாது. எதற்காகத் தெரியும் என்று கேட்டால்தான் ஆளுக்கொன்று சொல்வார்கள். தெருப் பெண்களுக்கு அவள் பிளவுஸ் தைத்துக் கொடுப்பவள். சர்ச்சில் பாட்டுக் குழுவின் இரண்டாவது வரிசை. டீக்கடையில் உட்கார்ந்திருக்கும் ஆண்களைக் கேட்டால், "காட்டுக்குள்ள போய் மரத்துக்கு இடுப்பளவு எடுத்துக்கினு வருதே, அந்தம்மாவா?" என்பார்கள். கிண்டல்தான். கிரேஸ் அதற்குக் கோபப்பட்டதில்லை. நிழலில் நடந்து செய்யும் வேலையின் அருமை, கம்பெனியில் எட்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பவனுக்கு எங்கே தெரியப்போகிறது என்று போய்க்கொண்டே இருப்பாள்.

காடு என்றால் பெரிய மலைக்காடு இல்லை. தேர்வாய் கண்டிகைத் தொழிற்பேட்டையின் மதில் முடியும் இடத்தில் தொடங்கும் காடு. வெளியிலிருந்து பார்த்தால் முள்ளும் கொடியும்தான். உள்ளே போனால் பாலை, வீரை, காசா, வக்கணை என்று கெட்டி மரங்கள். ஐந்து வருஷத்தில் சுற்றளவு இரண்டு சென்டிமீட்டர் கூடினால் அதுவே பெரிது, அவ்வளவு நிதானமாக வளரும் ஜாதி. அதற்குள் நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் சதுரத்தை ஓர் ஆராய்ச்சி நிறுவனம் வனத்துறையிடம் அனுமதி வாங்கி, கல் நட்டு, நைலான் கயிறு கட்டி, நூறு கட்டங்களாகப் பிரித்து வைத்திருந்தது. ஒவ்வொரு மரத்திலும் எண் அடித்த அலுமினியத் தகடு, நெஞ்சு உயரத்தில் மஞ்சள் பெயின்டில் ஒரு கோடு. ஐந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதே கோட்டில் டேப்பைச் சுற்றி அளவெடுக்க வேண்டும். எந்த மரம் பருத்தது, எது நின்றுபோனது என்பது அதிலிருந்துதான் தெரியும்.

அளப்பதற்கு ஒரு முறை உண்டு. டேப் பிடிப்பவர் எண்ணைச் சத்தமாகச் சொல்வார். நோட்டு எழுதுபவர் அதையே திருப்பிச் சொல்வார். டேப் பிடிப்பவர் இன்னொரு தரம் பார்த்து "சரி" என்ற பிறகுதான் டேப்பை விடலாம். 2019 தை மாசம் முதல் அளவு எடுத்தபோது மேற்குப் பாதி அப்பாவு கையில் இருந்தது, கிழக்குப் பாதி கிரேஸ் கையில். அப்பாவு வனத்துறையில் காவலராக இருந்து ஓய்வு பெற்றவர், கண்ணாடியை மறந்துவிட்டு வருகிறவர். ஒரு நாளைக்கு நாலு தரம் எண்ணை மாற்றிச் சொல்லி, நோட்டு எழுதிய மாணவனிடம் வாங்கிக் கட்டிக்கொள்வார். கிரேஸ் ஒரு தரம்கூட மாற்றிச் சொன்னதில்லை. "கிரேஸம்மா சரின்னா சரி" என்று அந்த மாணவன் தலையை நிமிர்த்தாமலே எழுதிக்கொண்டு போனான்.

அவள் ஏன் மாற்றிச் சொல்லப்போகிறாள்? அப்பனும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். அந்த நிலம் கம்பெனிக்குப் போனபோது அவர்களைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. கிரேஸ் பத்தொன்பது வயதில் கும்மிடிப்பூண்டியில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் தையல் மிஷினில் உட்கார்ந்தாள். பதினோரு வருஷம் சட்டைக் காலர் மட்டும் தைத்தாள். ஒரு திங்கட்கிழமை போனால் கேட்டில் பூட்டு. அப்புறம் வீட்டிலேயே மிஷின் போட்டு ஊர்ப் பெண்களுக்கு பிளவுஸ் தைத்தாள். ஆராய்ச்சிக்காரர்கள் வந்து "டேப் பிடிக்கத் தெரிஞ்சவங்க யாராவது இருக்காங்களா?" என்று பஞ்சாயத்து ஆபீசில் கேட்டபோது, ஊரே அவளைத்தான் கைகாட்டியது. போன இரண்டாம் நாளே அந்த வேலை அவளுக்குப் பிடித்துப்போய்விட்டது. தான் சொல்லும் எண்ணை ஒரு படித்த பிள்ளை பவ்வியமாகத் திருப்பிச் சொல்வது அவளுக்கு அதற்கு முன் நடந்ததில்லை.

ஐந்து வருஷம் ஓடி, 2024 தை மாசம் இரண்டாவது அளவும் எடுத்தாயிற்று. இந்தத் தடவை இரண்டு பாதியையும் கிரேஸே அளந்தாள். அப்பாவு கொடியை விலக்கி, தகட்டைத் தேய்த்து எண் படிப்பதோடு சரி. நோட்டு எழுதியது நர்மதா. சோழவரம் பக்கம் நெல் விளைகிற நிலம் வைத்திருக்கும் வீட்டுப் பெண், இருபத்தேழு வயது. ஆராய்ச்சிப் பட்டத்துக்காக இந்தக் காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அறிக்கை எழுதி நிறுவனத்துக்கு அனுப்பியதும் அவள்தான்.

மாசிப் பிறப்பு தாண்டி ஒரு புதன்கிழமை மதியம், காட்டு ஓரத்துத் தகரக் கொட்டகையில் நர்மதா லேப்டாப்பைத் திறந்து கிரேஸிடம் ஒரு படத்தைக் காட்டினாள். நூறு கட்டங்களும் வண்ணத்தில் இருந்தன. மேற்குப் பாதி பச்சை, கிழக்குப் பாதி சிவப்பு.

"பச்சை வளர்ந்தது கிரேஸ்க்கா. சிவப்பு வளராதது. கிழக்குல ஐஞ்சு வருஷமா ஒரு மரம்கூட உருப்படியா பருக்கல. சிலது சுருங்கியே இருக்கு."

"சுருங்குமா மேடம்? மரமா?"

"தண்ணி இல்லைன்னா கொஞ்சம் சுருங்கும். மதில் பக்கம் தானே, நிலத்தடித் தண்ணி கீழ போயிருக்கும். தூசி வேற." நர்மதா பெருமூச்சு விட்டாள். "நாளைக்கு ரேஞ்சர் வர்றாரு. லாரி ரோடும் பார்க்கிங்கும் போட தொழிற்பேட்டைக்காரங்க கிழக்குப் பாதியைக் கேட்கிறாங்க இல்ல? காடு நல்லா இருந்தா தர முடியாதுன்னு எழுதலாம். இது பட்டுப்போற காடுன்னு நம்ம ரிப்போர்ட்டே சொல்லுது. அவர் கையெழுத்துப் போட்டு மேல அனுப்பிட்டா முடிஞ்சுது."

சிவப்புக்கு நடுவில் ஒரே ஒரு கட்டம் மட்டும் பச்சையாக இருந்தது. எழுபத்து நாலாம் எண். அங்கே மட்டும் மண்ணில் ஈரம் அதிகமாக இருக்கலாம் என்று நர்மதா அறிக்கையில் எழுதியிருந்தாள். கிரேஸ் அந்தப் பச்சைக் கட்டத்தைப் பார்த்தாளே தவிர ஒன்றும் தோன்றவில்லை. மரங்களை நினைத்து மனசு கனத்தது, அவ்வளவுதான். அவளைத் தேற்றுகிறாற்போல் நர்மதா இன்னொன்றும் சொன்னாள். அடுத்த மாசம் ஒன்றாம் தேதி முதல் கிரேஸுக்கு நிறுவனத்தில் நிரந்தர வேலை, ஆர்டர் டைப் ஆகிவிட்டது, தலைவர் கையெழுத்துதான் பாக்கி.

நாற்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக நிரந்தரம். கிரேஸ் வீட்டுக்கு சைக்கிள் மிதித்தபோது பாதி வழி அழுகை, பாதி வழி சிரிப்பு. எதற்கு எது என்று அவளுக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டு வாசலில் எதிர் வீட்டு ஸ்நேகா துணிப்பையோடு காத்திருந்தாள். ஈஸ்டருக்கு நிச்சயதார்த்தம், பட்டு பிளவுஸுக்கு அளவு கொடுக்க வேண்டும். கிரேஸ் முகம் கழுவிவிட்டு வந்து டேப்பை எடுத்தாள். "கைய தூக்கு" என்று சொல்லி டேப்பை மார்பைச் சுற்றிக் கொண்டுவந்து, வழக்கம்போல இடது கையின் இரண்டு விரலை டேப்புக்கு உள்ளே விட்டாள். பிளவுஸுக்கு அளவெடுக்கும் யாரும் டேப்பை உடம்போடு ஒட்டி இறுக்கமாட்டார்கள். மூச்சு விட இடம் வேண்டும். இரண்டு விரல் போகிற அளவுக்கு விட்டுத்தான் எண்ணைப் படிப்பார்கள். அது யோசித்துச் செய்வதில்லை, விரல் தானாகப் போகும்.

"இன்னாக்கா, சொல்லு. எவ்ளோ?" என்றாள் ஸ்நேகா.

 கிரேஸ் தன் இரண்டு விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

முதல் அளவு எடுத்தபோது டேப்பை இறுக்க வேண்டும் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை. டேப் பிடிக்கத் தெரிந்தவள் என்றுதானே கூப்பிட்டார்கள்? மறு வருஷம் ஜவ்வாது மலையில் வேறோர் ஆய்வு நிலத்துக்குப் பத்து நாள் அழைத்துப் போனார்கள். அங்கே பயிற்சி கொடுத்த அம்மாள்தான் அவள் கையைப் பிடித்து, "டேப் பட்டையோட ஒட்டணும், நடுவுல காத்துகூட போகக்கூடாது" என்று காட்டினார். அன்றிலிருந்து கிரேஸ் இறுக்கித்தான் அளந்தாள். இது ஏதோ மலை மரத்துக்கான புது முறை போல என்று எடுத்துக்கொண்டாள். அதற்கு முன்னால் தான் அளந்து வைத்த மரங்கள் என்ன ஆவது என்று ஒரு நாளும் நினைக்கவில்லை. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இங்கே பழக்கம் நடுவில் மாறிப்போனதுதான் வினையாயிற்று.

ஸ்நேகாவை அப்படியே நிற்கவைத்துவிட்டு, கிரேஸ் டேப்போடு தெருவுக்கு ஓடினாள். குழாயடியில் நின்ற வேப்பமரத்தை இறுக்கி அளந்தாள். ஐம்பத்தொன்று புள்ளி இரண்டு. இரண்டு விரல் விட்டு அளந்தாள். ஐம்பத்திரண்டு புள்ளி ஒன்பது. மறுபடி அளந்தாள், அதே எண். ஒன்றே முக்கால் சென்டிமீட்டர். காட்டு மரத்தின் ஐந்து வருஷ வளர்ச்சி மொத்தமும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2019-ல் அளவு கூடுதலாக எழுதியாயிற்று, இப்போது சரியாக எழுதியாயிற்று. நடுவில் வளர்ந்ததெல்லாம் அவள் விரலுக்குள் போய்விட்டது. கிழக்குப் பாதி காயவும் இல்லை, சுருங்கவும் இல்லை.

வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டாள்.  நாளைக் காலை பத்து மணிக்கு அந்த மரங்களுக்குச் சாவுச் சீட்டு எழுதப்போகிறார்கள், எழுதுவது அவள் விரல்.

ஷிப்ட் முடிந்து ஏழு மணிக்கு வந்த புருஷன் ஜெரால்டிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் சட்டையைக் கழற்றாமலே கேட்டான்.

"யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்ப வாய மூடிக்கினு கிட. தவள தன் வாயாலதான் கெடும். ஒண்ணாந்தேதி ஆர்டரு வரப்போவுது. இப்பப் போயி நான் தப்பா அளந்தேன்னு நின்னா, ஆர்டரையா குடுப்பான்? ரோடு போடணும்னு அவன் முடிவு பண்ட்டான் கிரேஸு. உன் விரல வெச்சா நிறுத்தப்போற?"

"என் விரல வெச்சுத்தான்யா போடப் போறான்."

ஜெரால்ட் கெட்டவன் இல்லை. பதினைந்து வருஷமாகக் கான்ட்ராக்டில் இருப்பவன், நிரந்தரம் என்ற சொல்லின் எடை அவனுக்குத் தெரியும்.  அன்று ராத்திரி சோற்றை அப்படியே மூடி வைத்தார்கள்.

காலையில் ஆறு மணியிலிருந்து நர்மதாவுக்கு போன் போட்டாள். முதலில் எடுக்கவில்லை, அப்புறம் ஸ்விட்ச் ஆப். தனியாகச் சொல்லிவிட்டால் போதும், மேடம் பார்த்து ஏதாவது செய்வாள் என்று நம்பிக்கொண்டு எட்டரை மணிக்கே காட்டுக்குப் போய்விட்டாள். கிழக்குப் பாதி மரங்களில் வரிசையாகச் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. நேற்றுச் சாயங்காலமே ரோடு ஆட்கள் வந்து கட்டிவிட்டுப் போனதாக அப்பாவு சொன்னார். கையெழுத்துக்கு முன்னாலேயே மாலை போட்டுவிட்டார்கள்.

பத்து மணிக்கு ஜீப் வந்தது. ரேஞ்சர் மோகன்ராஜ், ரோடு வேலை எடுத்திருக்கும் இன்ஜினியர், அவர்களோடு அதே ஜீப்பில் நர்மதா. தனியாகச் சொல்லும் வழி அத்தோடு அடைபட்டது.

ரேஞ்சர் அதிகம் பேசாத மனிதர். கிழக்குப் பாதிக்குள் இரண்டு கட்டம் நடந்தார், நாலு மரத்தை அண்ணாந்து பார்த்தார், ஜீப்பின் பானெட்டில் காகிதத்தை விரித்தார். "ரிப்போர்ட்ல சொன்னது தானேம்மா? வளர்ச்சி இல்லை?" என்று நர்மதாவைக் கேட்டுக்கொண்டே பேனா மூடியைக் கழற்றினார். நர்மதா தலையாட்டினாள்.

"சார், எழுதாதீங்க" என்றாள் கிரேஸ்.

சத்தம் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்துவிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.  ஆரம்பித்தாயிற்று, முடித்துத்தான் ஆக வேண்டும். விரல், பிளவுஸ், ஜவ்வாது மலை, வேப்பமரம் எல்லாவற்றையும் முன்னும் பின்னுமாகச் சொல்லி முடித்தாள். நர்மதா ஜீப்பை விட்டு முன்னால் வந்தாள்.

"கிரேஸ்க்கா, இதை இப்ப வந்து சொல்றீங்களே. நான் சைன் பண்ணின ரிப்போர்ட் அது."

"காலைலேர்ந்து போன் போட்டுக்கினே கீறேன் மேடம்."

இன்ஜினியர் சிரித்தார். "நல்லா இருக்குங்க. ரிப்போர்ட் ரெடி, ரேஞ்சர் சார் பேனாவும் ரெடி. கடைசி நிமிஷத்துல பிளவுஸ் கதை. ஊர்ல ரோடு வேணாம்னு கையெழுத்து வாங்குறாங்களே, அவங்க அனுப்பினாங்களாம்மா?"

"யாரும் அனுப்பல சார். எங்க ஊர்ல பாதிப் பேரு ரோடு வந்தா வேல கெடைக்கும்னுதான் சொல்லிக்கினு கீறாங்க. எனக்கே ஒண்ணாந்தேதி ஆர்டரு. பொய் சொல்லி எனக்கு இன்னா சார் லாபம்?"

ரேஞ்சர் பேனாவை மூடவில்லை. "நீ சொல்றது எனக்குப் புரியுது. ஆனா ஒண்ணு யோசி. ஐஞ்சு வருஷத்துக்கு முன்னாடி தப்பா அளந்தேங்கிற. அப்ப இந்த வருஷம் அளந்தது மட்டும் சரின்னு நான் எதை வெச்சு நம்புறது?"

இதைக் கிரேஸ் எதிர்பார்க்கவில்லை. உண்மையைச் சொன்னால் மரம் பிழைக்கும் என்று வந்தாள். இங்கே உண்மையைச் சொன்னதாலேயே அவள் சொல் செல்லாக்காசு ஆகிவிட்டது. தலையைக் குனிந்துகொண்டாள். அப்போதுதான் நேற்றுப் பார்த்த படம் கண்ணில் வந்தது.

"மேடம், அந்தப் பச்ச கட்டம். எழுவத்தி நாலு. அது என்னிக்கு அளந்ததுன்னு பழைய நோட்டுல பாருங்க."

நர்மதா டேப்லெட்டில் பழைய நோட்டின் படத்தைத் தேடினாள். அவசரத்தில் இரண்டு தரம் தவறான பக்கம் வந்தது. "ஜனவரி இருபத்தி மூணு."

"அன்னிக்கு எங்க மாமியார் அடக்கம். நான் வரல. யாரு அளந்தாங்கன்னு போட்டுக்கீதா?"

"அளந்தவர் அப்பாவு" என்று படித்தாள் நர்மதா.

"ஆமா, அன்னிக்கு நான்தான் இந்தப் பக்கம் வந்தேன்" என்றார் அப்பாவு, ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல. "ஆறு மரம். டிபார்ட்மென்ட் பழக்கம், நான் இறுக்கித்தான் புடிப்பேன்."

கிழக்குப் பாதியில் கிரேஸ் அளந்த இருநூற்று எண்பத்தேழு மரமும் வளரவில்லை, அப்பாவு அளந்த ஆறு மரம் மட்டும் வளர்ந்திருக்கிறது. மண் ஈரம் என்று எழுதியது நினைவு வந்து நர்மதாவுக்கு வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் இன்ஜினியர் விடவில்லை. ஆறு மரத்தை வைத்துக்கொண்டு இரண்டரை கோடி ரோட்டை நிறுத்துவதா என்று அவர் கேட்டதிலும் ஒரு நியாயம் இருந்தது. ரேஞ்சர் மணியைப் பார்த்தார்.

"சார்," என்றாள் கிரேஸ், "நான் மறுபடியும் அதே தப்பப் பண்றேன்."

"என்னது?"

"அன்னிக்கு அளந்த மாதிரியே ரெண்டு விரல் உட்டு இப்ப அளக்கறேன். அன்னிக்கி எழுதினது உங்க கையில கீது. ரெண்டும் ஒரே தப்புதானே? கழிச்சுப் பாருங்க."

 நர்மதாதான் முதலில் பிடித்துக்கொண்டாள். "சரிதான் சார். தப்பு ரெண்டு பக்கமும் ஒரே அளவா இருந்தா அடிபட்டுப் போயிடும். மிச்சம் நிக்கிறது வளர்ச்சி மட்டும்தான். எழுபத்து நாலுல ஐஞ்சு வருஷ வளர்ச்சி சராசரி ஒண்ணு புள்ளி ஒன்பது. அக்கா சொல்றது நிஜம்னா மத்த மரத்துலயும் அதை ஒட்டித்தான் வரணும்."

ரேஞ்சர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். இருபது மரம், தேர்ந்தெடுப்பது அவர். ரிப்போர்ட்டோடு இணைத்திருந்த பழைய எண்களின் தாள் அவர் கையில் மட்டும் இருக்கும். டேப்பில் எண்ணை அப்பாவு படிக்க வேண்டும், கிரேஸ் பார்க்கக்கூடாது. அப்பாவு அன்றைக்கு அதிசயமாகக் கண்ணாடி கொண்டுவந்திருந்தார்.

முதல் மரம் நானூற்றுப் பன்னிரண்டு, ஒரு வக்கணை. கிரேஸ் டேப்பைச் சுற்றினாள். இரண்டு விரலை உள்ளே விட்டாள்.

"ஐம்பத்தி மூணு புள்ளி ஆறு" என்றார் அப்பாவு.

ரேஞ்சர் தாளைப் பார்த்தார். "பழசு நாப்பத்தி எட்டு புள்ளி ஆறு. ஐஞ்சு சென்டிமீட்டர் வளர்ந்திருக்காம்மா?"

இன்ஜினியர் வெளிப்படையாகவே கைதட்டினார்.  என்ன செய்தோம் என்று கிரேஸுக்குத் தெரிந்தது. தப்புச் செய்ய வேண்டும் செய்ய வேண்டும் என்று விறைத்து, விரலை வேண்டுமென்று தூக்கிவிட்டாள். நாலு வருஷமாக இறுக்கிப் பழகிய கைக்குப் பழைய தப்பு மறந்துவிட்டிருந்தது. சரியாகச் செய்வதற்குப் பழகலாம். தப்பை அதே அளவில் திரும்பச் செய்ய யாரிடம் போய்ப் பழகுவது?

"இன்னொரு தரம் சார். ஒரே ஒரு தரம்."

"அக்கா, அவசரப்படாதீங்க" என்றாள் நர்மதா. 

கிரேஸ் டேப்பைக் கழற்றி உதறினாள். கண்ணை மூடிக்கொண்டாள். மரத்தின் முன்னால் நின்று, "கைய தூக்குமா, ஆடாம நில்லு" என்று முணுமுணுத்தாள். பக்கத்தில் நின்ற அப்பாவு, இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ என்று பயந்தார். கிரேஸ் டேப்பைச் சுற்றினாள். ஸ்நேகா, ஸ்நேகாவின் அம்மா, பாட்டுக் குழுவின் மூன்று பெண்கள், எத்தனை நூறு உடம்புக்கு அளவெடுத்த கை. விரல் தானாக உள்ளே போயிற்று.

"ஐம்பது புள்ளி நாலு."

"ஐம்பது புள்ளி நாலு" என்று வழக்கத்தில் திருப்பிச் சொன்னாள் நர்மதா.

"சரி" என்றாள் கிரேஸ், டேப்பைப் பார்க்காமலே.

ரேஞ்சர் கழித்தார். ஒன்று புள்ளி எட்டு. அடுத்த மரத்தைக் காட்டினார். நானூற்றுப் பதின்மூன்று, ஒன்று புள்ளி ஒன்பது. நானூற்று முப்பது, இரண்டு புள்ளி ஒன்று. ஐந்நூற்று இரண்டு, கொஞ்சம் நோஞ்சான், ஒன்று புள்ளி நாலு. எட்டாவது மரத்துக்குப் பிறகு இன்ஜினியர் போனை எடுத்துக்கொண்டு தள்ளிப் போனார். பதினைந்தாவது மரத்தில் ஒரு முள் கிரேஸின் முழங்கையைக் கிழித்தது. அவள் நிற்கவில்லை. நின்று யோசித்தால் விரல் மறந்துவிடும் என்ற பயம். இருபது மரமும் முடிந்தபோது ஜாக்கெட் முதுகு முழுக்க நனைந்திருந்தது. சராசரி ஒன்று புள்ளி எட்டு.

ரேஞ்சர் நெடுநேரம் அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு விரித்து வைத்திருந்த காகிதத்தில், கிழக்குப் பாதி முழுவதையும் இரண்டு விதமாகவும் மறு அளவு செய்து அறிக்கை வரும்வரை முடிவு எதுவும் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். இன்ஜினியரைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்கள அனுப்பி ரிப்பனை அவுக்கச் சொல்லுங்க, காட்டுக்குள்ள பிளாஸ்டிக் கட்டக்கூடாது" என்றார். ஜீப் கிளம்பும்போது கிரேஸைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார்.

 அப்பாவு தன் தண்ணீர் பாட்டிலைக் கிரேஸிடம் நீட்டினார். "கெட்டிக்காரிம்மா நீ" என்றார். அவள் சிரித்துக்கொண்டே குடித்தாள், புரையேறியது. அவ்வளவு சந்தோஷம்.

நர்மதா போனில் பேசிக்கொண்டே கொட்டகைக்கும் எல்லைக் கல்லுக்கும் நடுவில் நடந்துகொண்டிருந்தாள். நிறுவனத் தலைவரிடம்தான் பேசுகிறாள் என்று கிரேஸுக்குத் தெரிந்தது. முதலில் நர்மதா நிறையப் பேசினாள். அப்புறம் "சார்... சார்..." என்பது மட்டும் கேட்டது. திரும்பி வந்தபோது கிரேஸின் முகத்தைப் பார்க்கவில்லை.

"ரிப்போர்ட்டைத் திரும்ப வாங்கி மறுபடி எழுதணும் அக்கா. என்ன தப்பு, யாரால வந்ததுன்னு எழுதித்தான் ஆகணும். அப்படி எழுதிட்டு அதே ஆளுக்கு ஆர்டர் குடுத்தா கமிட்டி கேள்வி கேட்குமாம். இப்போதைக்கு நிறுத்தி வைக்கச் சொல்லிட்டாரு." கொஞ்சம் நிறுத்தி, "நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்" என்றாள்.

சொல்லியிருப்பாள் என்று கிரேஸும் நம்பினாள். ஜெரால்ட் சொன்னது அப்படியே நடந்துவிட்டதே என்ற கோபம்தான் முதலில் வந்தது. யார் மேல் கோபம் என்று தெரியாததால் அது அழுகையாக மாறிற்று. முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

"அப்ப நாளைலேர்ந்து வரவேணாமா மேடம்?"

"ஐயோ, வரணும் அக்கா. இருநூத்தி எண்பத்தேழு மரத்தையும் ரெண்டு விதமா அளக்கணும். இறுக்கி அளக்க யாரை வேணா கூட்டிக்கலாம். அந்த ரெண்டு விரல் அளவு உங்களைத் தவிர வேற யாருக்கும் வராது. மூணு வாரம் ஆகும். நாள் சம்பளம்தான். முன்ன மாதிரியே."

இதற்கு அழுவதா சிரிப்பதா என்று கிரேஸுக்குப் புரியவில்லை. சரியாக அளந்த கைக்கு வேலை இல்லை, தப்பாக அளந்த கைக்கு மூன்று வார வேலை உண்டு. சிரிப்புத்தான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே வந்துவிட்டாள். ஐம்பத்தொன்றாம் கட்டம், முதல் மரம் ஒரு பாலை. அப்பாவு கொடியை விலக்கித் தகட்டைத் தேய்த்தார். கிரேஸ் முதலில் இறுக்கி அளந்தாள், பிறகு கண்ணை மூடி விரல் விட்டு அளந்தாள். இரண்டு எண்ணையும் நர்மதா திருப்பிச் சொன்னாள். நோட்டில் நர்மதா அன்று காலையிலேயே இரண்டு பத்தி போட்டுக் கொண்டுவந்திருந்தாள். எண் சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கக் கிரேஸ் எட்டிப் பார்த்தாள். முதல் பத்தியின் தலைப்பு, சரியான அளவு. இரண்டாவதன் தலைப்பு, கிரேஸ் அளவு.

கிரேஸ் டேப்பை விடவில்லை.

"மேடம், அத அடிச்சிட்டு வேற எழுதுங்க."

"ஏன் அக்கா? எண் தப்பா இருக்கா?"

"எண்ணு சரிதான். ரெண்டாவதுல தப்பு அளவுன்னு போடுங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா ரெண்டுமே கிரேஸ் அளவுதான் மேடம்."